கூரையைத் தேர்ந்தெடுப்பது யார்?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் மனை விற்கிறவர்கள் புதுவகை உபதேசம் ஒன்றை ஆரம்பித்திருக்கிறார்கள். "இயற்கைக்கு இசைந்த வீடு", "பசுமை வீடு", "மண்ணின் குளுமை" என்கிறார்கள். பெங்களூரில் பணம் சேர்த்தவர்கள் வாரக் கடைசியில் வந்து இளைப்பாற மண் சுவர் வைத்து, ஓடு வேய்ந்து, புல் கூரை போட்ட மாளிகைகள் எழும்புகின்றன. உங்கள் வீட்டுக்கும் இயற்கைக்குக் கேடில்லாத கூரையைத் தேர்ந்தெடுங்கள் என்று பத்திரிகைகளும் நமக்குப் புத்தி சொல்கின்றன.

நல்ல புத்திதான். நாம் அதை மறுக்கவில்லை. பூமி சூடேறுகிறது, சிமெண்டுத் தொழில் மட்டுமே உலகத்துக் கரியமிலப் புகையில் நூற்றுக்கு 7, 8 பங்கைக் கக்குகிறது. யோசித்துத்தான் வீடு கட்ட வேண்டும். ஆனால் நாம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம். தேர்ந்தெடுப்பது யார்?

உத்தனப்பள்ளியில் தக்காளி பறிக்கும் கூலிப் பெண் தன் கூரையைத் தேர்ந்தெடுத்தாளா? ஆலைகளை நம்பி வந்து, லைன் வீட்டில் ஓர் அறைக்கு நாலைந்து பேராக முடங்கிக் கிடக்கும் வாலிபர்கள் தேர்ந்தெடுத்தார்களா? கல்குவாரியில் பாறை பிளக்கும் தொழிலாளி தேர்ந்தெடுத்தானா? அவர்கள் தலைக்கு மேல் இருப்பது என்ன? சிமெண்ட் சீட்டு! அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்கள் வாங்கும் கூலி தேர்ந்தெடுத்தது. வீட்டுச் சொந்தக்காரரின் லாபக் கணக்கு தேர்ந்தெடுத்தது. கையில் பட்டா இல்லாத கொடுமை தேர்ந்தெடுத்தது.

ஆகவே, கூரையைப் பற்றிப் பேசுவதென்றால் கூலியைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். அதை விட்டுவிட்டு "நல்ல கூரையாகப் பார்த்துப் போடுங்கள்" என்று சொல்வது, பசித்தவனிடம் "நல்ல பதார்த்தமாகப் பார்த்துச் சாப்பிடு" என்று சொல்வதற்குச் சமம்.

நெருப்புக்குப் பயந்து நஞ்சுக்கு வந்தோம்

நம் பாட்டன் காலத்தில் கூரை என்றால் மஞ்சம்புல், தென்னங்கீற்று, பனையோலை. வசதியிருந்தால் நாட்டு ஓடு. கல் கிடைக்கிற இந்தக் கிருஷ்ணகிரிச் சீமையில் பாறையைப் பலகையாகப் பிளந்து, சுவரிலிருந்து சுவருக்கு அடுக்கிப் போட்ட கல் கூரை. வெளியூர்க்காரர்கள் பார்த்து அதிசயப்படும் கூரை அது.

புல்லும் கீற்றும் குளுமைதான். ஆனால் அந்தக் குளுமையின் விலை என்ன என்பது உழைப்பாளி மக்களுக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேரை நிலப்பிரபுக்களின் அடியாட்கள் தீ வைத்துக் கொளுத்தினார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் கருகி மாண்டார்கள். ஓரிரு வருஷத்துக்கு ஒருமுறை கூரை வேய வேண்டிய செலவு இருக்கிறது. ஒழுகல் இருக்கிறது. பாம்பும் தேளும் இருக்கின்றன. பணக்காரன் தோட்டத்தில் புல் கூரை நாகரிகம். ஏழையின் சேரியில் அது உயிர்ப் பயம். இரண்டும் ஒன்றல்ல.

எனவே ஜனங்கள் கீற்றை விட்டு வெளியேறியது நியாயம். கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிடுங்கு என்று சர்க்கார் உத்தரவு போட்டதும் நியாயம். ஆனால் பிடுங்கிய இடத்தில் எதை வைத்தார்கள்? பல இடங்களில் சிமெண்ட் சீட்டை வைத்தார்கள்! நெருப்புப் பிடிக்காது, மலிவு, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று கடைக்காரன் சொன்னான். அந்தச் சீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

சீட்டுக்குள் இருப்பது என்ன?

அதற்குள் இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். தமிழில் கல்நார். பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இது கல்லில் விளைகிற நார். பாறையிலிருந்து வெட்டி எடுத்துப் பஞ்சு போலப் பிரிக்கிறார்கள். நெருப்பில் எரியாது, எளிதில் அறுபடாது. 1901ல் ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்ஷெக் என்பவர் இந்த நாரைச் சிமெண்டுடன் கலந்து தகடு செய்யும் முறைக்கு உரிமை வாங்கினார். நித்தியமானது என்று அர்த்தம் வரும்படி அதற்கு "எடர்னிட்" என்று பெயர் வைத்தார்கள். அன்றிலிருந்து உலகம் முழுதும் தொழிலாளி வீட்டுக் கூரையாகவும், ஆலைக் கூடங்களின் கூரையாகவும், தண்ணீர்க் குழாயாகவும் அது பரவிற்று. நம் ஊர்ச் சீட்டில் நூற்றுக்கு 8, 10 பங்கு இந்த நார் இருக்கிறது. மற்றது சிமெண்ட், சாம்பல்.

சீட்டு உடையும்போது, அறுக்கும்போது, துளை போடும்போது, வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் தேயும்போது, கண்ணுக்குத் தெரியாத நார்த் துகள் கிளம்பும். மூச்சோடு நுரையீரலுக்குள் போகும். போனது சுலபத்தில் வெளியே வராது. கரையாது, மக்காது. நுரையீரலில் தழும்பு விழுந்து மூச்சுத் திணறும் கல்நார் நோய் வரலாம். நுரையீரல் புற்று வரலாம். நுரையீரலைச் சுற்றியுள்ள ஜவ்வில் மீசோதெலியோமா என்கிற கொடிய புற்று வரலாம். இன்று சுவாசித்தால் நாளைக்கு வராது. 20, 30, 40 வருஷம் கழித்து வரும். அதுதான் இதன் சூழ்ச்சி. இருபது வயதில் சீட்டு அறுத்தவன் அறுபது வயதில் இருமிச் சாகும்போது, அதற்குக் காரணம் சீட்டு என்று யார் எழுதுவார்கள்? "ஆஸ்துமா", "பீடி", "வயசாயிற்று" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

வேலையிடத்துக் கல்நாரால் மட்டும் உலகத்தில் ஆண்டுக்கு இரண்டு லட்சம் பேருக்கு மேல் சாகிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் கணக்குக் கொடுத்திருக்கிறது. ஒரு பெரிய யுத்தத்தின் சாவுக்கு ஈடான கணக்கு இது. ஆனால் இந்த யுத்தத்தில் குண்டுச் சத்தம் கேட்பதில்லை.

முதலாளிகளின் மூன்று வாதங்கள்

சீட்டு முதலாளிகள் சும்மா இருக்கிறார்களா? இல்லை. அவர்கள் கையில் மூன்று வாதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வாதம்: "நாங்கள் உபயோகிப்பது வெள்ளைக் கல்நார். நீலமும் பழுப்பும்தான் விஷம். வெள்ளை பரமசாது."

பொய்! உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் வெள்ளை உள்பட எல்லாக் கல்நாருமே மனிதனுக்குப் புற்று உண்டாக்குவது நிச்சயம் என்று முதல் வரிசையில் வைத்திருக்கிறது. 2012ல் வெளியான அதன் தொகுப்பிலும் அதையே உறுதி செய்தது. பாம்பில் வெள்ளைப் பாம்பு கடிக்காது என்று பாம்பாட்டி சொன்னால் நாம் கையை நீட்டுவோமா?

இரண்டாவது வாதம்: "நார் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கிறது. அது வெளியே வராது."

தொழிற்சாலையிலிருந்து லாரியில் ஏறும் நிமிஷத்தில் வேண்டுமானால் அது கட்டுண்டு கிடக்கலாம். பிறகு? கொத்தனார் ரம்பம் வைத்து அறுக்கிறார். கொக்கி மாட்ட, ஜே போல்ட் முடுக்கத் துளை போடுகிறார். கோடை மழையோடு ஆலங்கட்டி விழுந்து உடைகிறது. குரங்கு குதித்து உடைகிறது. உடைந்த துண்டை நாம் எறிகிறோமா? ஏழை எதையும் எறிய மாட்டான். கோழிக் கூண்டுக்கு, ஆட்டுக் கொட்டகைக்கு, குளியல் மறைப்புக்கு வைக்கிறோம். சேற்றில் கால் புதையாமலிருக்கப் பொடித்து வாசலில் போடுகிறோம். அதன் மேல் குழந்தைகள் தவழ்கின்றன.

இத்தாலியில் காஸாலே மொன்ஃபெராட்டோ என்று ஓர் ஊர். அங்கே எடர்னிட் ஆலை 1907 முதல் 1986 வரை நடந்தது. ஆலைக் கழிவுத் தூளை ஊர் ஜனங்கள் வீட்டு முற்றத்திலும் பரணிலும் பரப்பினார்கள். தொழிலாளர்களின் மனைவிமார் கணவனின் வேலை உடுப்பைத் துவைத்தார்கள். ஆலை வாசலையே மிதிக்காதவர்களும் செத்தார்கள். மூடிய பிறகும் பல ஆண்டுகள் செத்தார்கள். 2012ல் டூரின் நகர நீதிமன்றம் அந்தக் கம்பெனியின் பழைய அதிபர் ஸ்டெஃபான் ஷ்மிட்ஹெய்னிக்கு 16 வருஷச் சிறைத் தண்டனை விதித்தது. 2014ல் மேல் நீதிமன்றம் காலம் கடந்துவிட்டது என்று சொல்லித் தீர்ப்பை ரத்து செய்தது. சாவு வர நாற்பது வருஷம் ஆகும். வழக்குப் போட அவ்வளவு காலம் கிடையாது. எப்படி இருக்கிறது நியாயம்!

மூன்றாவது வாதம்: "இது ஏழைகளின் கூரை. இதைத் தடை செய்தால் ஏழைகள் எங்கே போவார்கள்?"

ஆஹா, என்ன கரிசனம்! கூலியை உயர்த்து என்றால் வராத கரிசனம், வீட்டு மனை கொடு என்றால் வராத கரிசனம், விஷச் சரக்கை விற்கும்போது மட்டும் பொங்கி வழிகிறது. நம்மைவிடப் பணத்தில் சிறிய நாடு நேபாளம். அது 2015லேயே கல்நார்ச் சீட்டைத் தடை செய்தது. இமயமலைக் குளிரில் ஏழைகள் கூரையில்லாமல் போய்விட்டார்களா? நாரில்லாத சீட்டு இருக்கிறது. ஓடு இருக்கிறது. இந்தியாவில் சீட்டு செய்கிற முதலாளிகளிலேயே சிலர் கல்நார் கலக்காத பலகைகளையும் செய்து விற்கிறார்கள். ஆக, நல்லதைச் செய்யத் தெரியாமல் இல்லை. நல்லதைச் செய்தால் லாபம் குறையும். அவ்வளவுதான்.

தன் வீட்டில் விஷம், நம் வீட்டில் சரக்கு

இந்த விஷம் நம் நாட்டுக்கு எப்படி வருகிறது? இங்கேதான் சர்க்காரின் வேஷம் கலைகிறது.

1986ல் மத்திய சர்க்கார் கல்நார்ச் சுரங்கங்களுக்குப் புதிய குத்தகை கொடுப்பதை நிறுத்தியது. 1993ல் பழைய குத்தகைகளைப் புதுப்பிப்பதையும் நிறுத்தியது. காரணம், தொழிலாளியின் உடம்புக்குக் கேடு என்பதே. சரி, அப்படியானால் கப்பலில் ஏற்றி வரலாமா? வரலாம்! ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் மூட்டை மூட்டையாக வருகிறது. தோண்டினால் விஷம், இறக்குமதி செய்தால் வியாபாரம்!

பிரிட்டன் 1999ல் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுதும் 2005ல் தடை. தென்னாப்பிரிக்கா 2008ல். கனடா தன் சுரங்கங்கள் எல்லாம் ஓய்ந்த பிறகு 2018ல். அமெரிக்கா 2024ல் வெள்ளைக் கல்நாருக்குத் தடைவிதி வெளியிட்டது. பிரேசிலின் உச்ச நீதிமன்றம் 2017ல் தடை செய்தது. அதன் பிறகும் கோயாஸ் மாநிலத்தில் சட்டம் போட்டு ஏற்றுமதிக்காகத் தோண்டினார்கள். அந்தச் சரக்கு யார் தலையில் இறங்குகிறது? நம் தலையில்!

வீட்டுப் பிரச்னையை முதலாளித்துவம் தீர்ப்பதில்லை, ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று 1872லேயே எங்கல்ஸ் எழுதினார். அன்று சேரியைத் தெருவிட்டுத் தெரு தள்ளினார்கள். இன்று விஷத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் தள்ளுகிறார்கள்.

ராட்டர்டாம் உடன்படிக்கை என்று சர்வதேச ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அபாயச் சரக்கைப் பட்டியலில் சேர்ப்பார்கள். சேர்த்தால், வாங்கும் நாட்டுக்கு முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெற்றுத்தான் அனுப்பலாம். தடைகூட அல்ல, எச்சரிக்கை மட்டுமே. வெள்ளைக் கல்நாரை அந்தப் பட்டியலில் சேர்க்க மாநாட்டுக்கு மாநாடு முயற்சி நடக்கிறது. விற்கும் நாடுகள் மறிக்கின்றன. 2013லும் 2015லும் மறித்தவர்கள் வரிசையில் நம் இந்திய சர்க்காரும் உட்கார்ந்திருந்தது. விற்கிறவன் மறித்தால் அர்த்தம் புரிகிறது. வாங்கிச் சாகிறவன் ஏன் மறிக்க வேண்டும்? சாகிறவன் வேறு, கையெழுத்துப் போடுகிறவன் வேறு என்பதால்தான்!

பக்கத்து நாடான இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். 2018 முதல் கல்நார் இறக்குமதியை நிறுத்துவதாக இலங்கை சர்க்கார் அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலையில் வண்டு ஒன்று இருந்ததாகச் சொல்லி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியது. இலங்கை சர்க்கார் பதறிப்போய்க் கல்நார்த் தடையைக் கைவிட்டது. அந்த மாதம் முடிவதற்குள் தேயிலைக்கு மறுபடி வழி திறந்தது. வண்டும் மறைந்தது! அந்தத் தேயிலையைக் கிள்ளியது யார்? மலையகத்து லயன் காம்பராக்களில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் தமிழ்த் தொழிலாளப் பெண்கள். அவர்கள் கிள்ளிய கொழுந்தைப் பணயமாக வைத்து, அவர்களைப் போன்ற ஏழைகளின் தலைக்கு மேலேயே விஷக் கூரையைக் காப்பாற்றினார்கள். ஒரு காலத்தில் அந்த நாட்டின் பெயர் நமக்கு வேறு அர்த்தம் தந்தது. இன்றைய ரஷ்யா சுரங்க முதலாளிகளின் ரஷ்யா. இதைச் சொல்ல நாம் தயங்கவில்லை.

நம் உச்ச நீதிமன்றம் 1995ல் நல்ல தீர்ப்பு ஒன்று சொன்னது. தொழிலாளியின் ஆரோக்கியம் அவனுடைய அடிப்படை உரிமை, கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை 40 வருஷம் காக்க வேண்டும், நோய் கண்டவருக்கு லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்றது. ஆனால் 2011ல், தடை செய்யுங்கள் என்று கேட்டுப் போட்ட மனுவைத் தள்ளிவிட்டது. ஆலைக்குள் இருப்பவனுக்காவது ஏட்டில் ஒரு பாதுகாப்பு உண்டு. கூலிக்குச் சீட்டு மாட்டும் கொத்தனாருக்கு? சித்தாளுக்கு? அதன் கீழே படுத்துறங்கும் குடும்பத்துக்கு? பதிவேடும் இல்லை, வைத்தியமும் இல்லை.

வெயிலும் ஒரு சுரண்டல்தான்

புற்று நாற்பது வருஷம் கழித்து வரும். வெயில் இன்றைக்கே வருகிறது.

"குட்டி இங்கிலாந்து" என்று வெள்ளைக்காரன் ஓசூரைக் கொண்டாடினான். இன்று சித்திரை மத்தியானத்தில் ஒரு லைன் வீட்டுக்குள் நுழைந்து பாருங்கள். சீட்டின் கனம் 6 மில்லிமீட்டர். ஒரு விரல் கனம்கூட இல்லை. சூரியனுக்கும் மனிதனுக்கும் நடுவில் அவ்வளவுதான் இருக்கிறது. இரவு ஷிப்டு முடிந்து வருகிற தொழிலாளி அந்த அறையில்தான் பகலில் தூங்க வேண்டும். தூக்கம் எப்படி வரும்? தூங்காத கண்ணோடு மறுபடி மிஷின் முன்னால் நிற்கிறான். விரல் போனால் "அஜாக்கிரதை" என்று எழுதுகிறார்கள். கூரை கொடுக்காத தூக்கத்துக்கு யார் பொறுப்பு? மத்தியான வேலைக்கு நடுவே ஒரு நாழிகை தலை சாய்க்க வீட்டுக்கு வருகிற கூலிப் பெண்ணுக்கு, வெளியே வேப்ப மர நிழலே மேல். உழைப்பாளியின் ஓய்வைத் திருடுவதும் சுரண்டல்தான்.

சிலர் இப்போது தகரம், கலர் சீட்டு என்று மாறுகிறார்கள். அதில் கல்நார் இல்லை. அந்தமட்டில் நல்லது. ஆனால் வெறும் தகரம் வெயிலில் கொதிக்கும், மழையில் பறை கொட்டும். அடியில் ஒரு தட்டி இல்லாமல் அது வீடாகாது.

சர்க்கார் போடும் கூரை

சர்க்கார் எதுவும் செய்யவில்லையா? செய்கிறது. பெயர் வைப்பதில் முதலிடம். 2011ல் "பசுமை வீடு" என்று ஒரு திட்டம் வந்தது. 300 சதுர அடி, 1,80,000 ரூபாய். அதில் பசுமை என்பது சூரிய வெளிச்சத்தில் எரியும் விளக்கு. கூரை வழக்கமான காங்கிரீட்தான். 2024ல் "கலைஞரின் கனவு இல்லம்" வந்தது. 360 சதுர அடி, ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம், 2030க்குள் எட்டு லட்சம் வீடுகள் என்றார்கள். அந்தத் திட்டத்தின் விதியிலேயே ஓலைக் கூரையும் கூடாது, ஆஸ்பெஸ்டாஸ் சீட்டும் கூடாது என்று எழுதினார்கள்.

கவனியுங்கள்! தான் பணம் கொடுக்கும் வீட்டில் சீட்டு கூடாது என்று சர்க்காருக்கே தெரிந்திருக்கிறது. அப்படியானால் கடையில் விற்க ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள்? லைன் வீடு கட்டுகிறவனை ஏன் கேட்கவில்லை? குடிசையை மாற்றத் திட்டம் போட்டீர்கள். குடிசையிலிருந்து சீட்டுக்குத் தாவியவனுக்கு என்ன திட்டம்? பட்டா இல்லாதவனுக்கு என்ன திட்டம்? வாடகைக்கு இருப்பவனுக்கு என்ன திட்டம்?

மத்திய சர்க்காரின் வீட்டுத் திட்டமோ இன்னும் வேடிக்கை. சமவெளியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று 2016ல் நிர்ணயித்தார்கள். அந்தப் பணத்தில் தளம் போட முடியாது என்று, கூரைக்கென்றே தனித் தொகையை மாநில சர்க்கார் சேர்க்க வேண்டி வந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம். ஏழைக்குக் கூரை போட முடியாதவர்கள் உலக மாநாடுகளில் பூமியைக் குளிரவைக்கப் போகிறார்களாம்!

பட்டாவைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஊராட்சிகளில் சிப்காட் தொழிற்பேட்டைக்காக விளைநிலம் எடுக்க முனைந்ததை எதிர்த்து 2023ல் விவசாயிகள் நாள்கணக்கில் உட்கார்ந்து போராடினார்கள். ஆலைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் தேட முடிகிறது. அந்த ஆலையில் வேலை செய்யப் போகிறவன் தலை சாய்க்க ஒன்றரை சென்ட் தேட முடியவில்லை. இதுதான் இவர்கள் சொல்லும் அபிவிருத்தி.

நல்ல கூரை எது?

நல்ல கூரை என்பது பணக்காரன் கண்டுபிடித்த புதுமை அல்ல. அது உழைப்பாளியின் கைத்தொழிலில் ஏற்கெனவே இருக்கிறது.

நம் வட்டாரத்துக் கல் பலகைக் கூரையைப் பாருங்கள். சூளை வேண்டாம், கம்பி வேண்டாம். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்தால் வெயில் சட்டென்று இறங்காது. ஆனால் கிருஷ்ணகிரியின் நல்ல கல் எங்கே போகிறது? மெருகேற்றிக் கப்பலில் ஏறி வெளிநாட்டுச் சமையலறை மேடையாகிறது. பிளந்தவனுக்குக் கல் தூளும் சீட்டுக் கூரையும் மிச்சம். குவாரிக்கு வரம்பு வேண்டும், தூளிலிருந்து தொழிலாளிக்குப் பாதுகாப்பு வேண்டும். அதோடு நம் கல் முதலில் நம் வீட்டுக்கு என்பதும் வேண்டும்.

ஓட்டைப் பாருங்கள். மங்களூரில் 1865ல் ஆரம்பித்த ஓட்டுத் தொழில் தென்னாடு முழுதும் கூரை போட்டது. ஓட்டிடுக்கில் காற்றுப் புகும், சூடு வெளியேறும். ஒன்று உடைந்தால் ஒன்றை மாற்றலாம். கழற்றி வேறு வீட்டுக்கும் போடலாம். மரச் சட்டத்துக்கு வழியில்லாவிட்டால் இரும்புக் குழாய்ச் சட்டம் போதும்.

காங்கிரீட்தான் வேண்டும் என்றாலும் வழி இருக்கிறது. தளத்தின் கீழ்ப் பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி. அங்கே காங்கிரீட் சும்மா எடைக்குக் கிடக்கிறது. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே பழைய ஓட்டை வைத்து வார்த்தால் சிமெண்ட் மிச்சம், எடை குறைவு, ஓட்டுக்குள் அடைபடும் காற்றால் சூடும் குறைவு. கேரளத்தில் லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் இந்த முறையில் எத்தனையோ வீடுகள் கட்டினார். அங்கே கம்யூனிஸ்ட் முதலமைச்சர் அச்சுத மேனன் காலத்தில், 1972ல், அமைச்சர் எம்.என். கோவிந்தன் நாயர் பஞ்சாயத்துக்கு நூறு வீடு என்று நிலமற்றவர்களுக்காக "லட்சம் வீடு" திட்டம் கொண்டுவந்தார். பதவியை விட்டபின் 1985ல் அதே அச்சுத மேனன் பேக்கரோடு சேர்ந்து, மலிவான நல்ல வீடு கட்டவென்றே காஸ்ட்ஃபோர்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார். மனமிருந்தால் மார்க்கமுண்டு என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

இன்று சீட்டின் கீழ் இருப்பவர்களுக்கு

கோரிக்கை ஜெயிக்கிற வரை நாம் அந்தச் சீட்டின் கீழ்தான் இருக்க வேண்டும். அதனால் சில விஷயங்களை மனதில் வையுங்கள்.

உடையாத சீட்டை அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். அசைக்காத வரை அபாயம் குறைவு. அறுப்பதும் துளைப்பதும் தேய்ப்பதும்தான் எமன். கம்பித் தூரிகை போட்டுப் பாசியைச் சுரண்டாதீர்கள். உடைந்துவிட்டால் தண்ணீர் தெளித்து நனைத்து, துண்டுகளை நொறுக்காமல் எடுத்து, கெட்டியான பையில் கட்டுங்கள். உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். ஈரத் துணியால் துடையுங்கள். துண்டைக் கோழிக் கூண்டுக்கும் வாசலுக்கும் போடாதீர்கள். குழந்தைகளைக் கிட்டே விடாதீர்கள். சீட்டு மாட்டும் தோழர்கள் வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தனியே நனைத்து அலசுங்கள்.

சூட்டைக் குறைக்க, மேல்புறம் சுரண்டாமல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசலாம். வெள்ளைக் கூரையின் கீழ் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும். தெலங்கானா சர்க்கார் 2023ல் இதற்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. ஆனால் சீட்டின் மேல் காலை வைத்து ஏறாதீர்கள். அது ஆளைத் தாங்காது. அப்படி விழுந்து செத்தவர்கள் ஏராளம். ஏணியில் நின்று நீளக் கழியில் தூரிகை கட்டிப் பூசுங்கள். உள்ளே பாயையோ மூங்கில் தட்டியையோ ஒரு முழம் இடைவெளி விட்டுக் கட்டுங்கள். சுரைக்கொடியும் பூசணிக்கொடியும் பந்தலாகப் படரட்டும். நம் பாட்டிகள் செய்ததுதான்.

இவை தற்காப்பு மட்டுமே. தற்காப்பு வெற்றியாகாது.

நாம் கேட்பது

கல்நார் இறக்குமதியையும் சீட்டு உற்பத்தியையும் கால வரம்பு வைத்து நிறுத்து! அந்த ஆலைகளில் வேலை செய்யும் தோழர்கள் நம் எதிரிகள் அல்லர். முதலில் நாரைச் சுவாசிப்பவர்கள் அவர்களே. ஒருவர் வேலையும் போகக் கூடாது. அதே ஆலையில், அதே கூலியில், நாரில்லாத பலகை செய்யட்டும்.

பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை எங்கெல்லாம் சீட்டு இருக்கிறதோ அங்கெல்லாம் சர்க்கார் செலவில், பயிற்சி பெற்ற ஆட்களைக் கொண்டு மாற்று!

சீட்டு வீட்டையும் வீட்டுத் திட்டத்தில் சேர்! பட்டா இல்லாதவனுக்குப் பட்டா கொடு! உத்தனப்பள்ளி வட்டாரத்துக்குக் கல்லும் ஓடும் தோதென்றால் அதற்குப் பணம் கொடு. சென்னையில் வரைந்த ஒரே நகலை எல்லா ஊருக்கும் திணிக்காதே!

தொழிற்பேட்டைக்கு நிலமும் சலுகையும் வாங்கும் முதலாளி, தொழிலாளிக்குக் காற்றோட்டமுள்ள வீடு கட்டிக் கொடுக்கச் சட்டம் செய்! சீட்டுக் கூரை லைன் வீட்டுக்கு அனுமதி கொடுக்காதே!

சீட்டு வேலை செய்த கொத்தனார், சித்தாள் எல்லோருக்கும் கட்டுமான நல வாரியத்தின் மூலம் நுரையீரல் பரிசோதனை நடத்து!

தோழர்களே! கூலியும் போனஸும் பஞ்சப்படியும் கேட்டுப் போராடப் பழகிய நாம், கூரையைக் கேட்டுப் போராடப் பழகவில்லை. கூரை அவரவர் தலைவிதி என்று விட்டுவிட்டோம். அது தலைவிதி அல்ல. யாரோ உட்கார்ந்து போட்ட கணக்கு. அந்தக் கணக்கை மாற்றலாம். அடுத்த சங்கக் கூட்டத்தில், அடுத்த கிராம சபையில் இந்தக் கோரிக்கைகளை எழுதித் தீர்மானமாக வையுங்கள். ஆலைத் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் ஒரே சீட்டின் கீழ்தான் வேகிறார்கள். ஒரே குரலில் கேட்கட்டும்.

நல்ல கூரையைத் தேர்ந்தெடுங்கள் என்கிறீர்களே, அந்த உரிமையை எங்கள் கையில் கொடுங்கள், தேர்ந்தெடுத்துக் காட்டுகிறோம் என்று அவர்களுக்குப் பதில் சொல்வோம்!